சரவணம்பட்டிக்கு வரும் புதியவர் எதைப் படிப்பது?

கோபியிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ படிப்பை முடித்துக் கோவையின் சரவணம்பட்டிக்கு மென்பொருள் வேலைக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "துறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்." சொல்கிறவர் குழுத்தலைவராக இருக்கலாம், அறைத்தோழராக இருக்கலாம், கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்தவராகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது, எதை விடுவது, படித்ததை வைத்து என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனவே புதியவர் கண்ணில் பட்ட வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் சேர்ந்துகொள்கிறார். "இந்தக் கருவிகள் தெரியாவிட்டால் வேலை போய்விடும்" என்று மிரட்டும் காணொளிகளைத் தூங்கப் போகும் முன் பார்க்கிறார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நிறையப் பெயர்கள் தெரிந்திருக்கும். தன் வேலையில் எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி உங்கள் மேசைக்கு வரும் வரிசையில் படித்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் மேசையில் தொடங்கி வெளியே போங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமல்ல, திருப்பூரிலோ கரூரிலோ அப்பாவின் நிறுவனத்துக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பு தலையில் விழுந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும்.

முதல் படி: மேசையில் இருப்பதை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வேலை எவற்றின் மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். எந்த நிரலாக்க மொழி, அதன் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம், சர்வரில் எந்த இயங்குதளம், வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் நூலகங்கள் எவை. பதிப்பு எண் இல்லாமல் எழுதினால் இந்தப் பட்டியலுக்குப் பயனில்லை. "பைத்தான்" என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கான ஆதரவு, அதாவது உருவாக்கியவர்கள் பிழைத்திருத்தம் தருவது, எப்போது முடிகிறது என்று குறியுங்கள். பைத்தானில் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 2020-இல் வந்த 3.9 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஜாவாவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வந்தாலும் நிறுவனங்கள் நம்பி ஓட்டுவது நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை: 8, 11, 17, 21, கடைசியாக 2025 செப்டம்பரில் வந்த 25. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் நீண்டகாலப் பதிப்பு வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு.

இது சலிப்பான வேலைதான். ஆனால் துறையில் அடுத்து எந்த வேலைக்குப் பணம் செலவாகப் போகிறது என்பதை இந்தத் தேதிகள் முன்கூட்டியே சொல்லிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பனியன் கம்பெனிகளின் கணக்கு அறைகளிலும், லேத் பட்டறைகளில் சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் அனுப்பும் பழைய கணினிகளிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியை மாற்றினால் இயந்திரத்தோடு பேசும் பழைய மென்பொருள் வேலை செய்யுமா என்பது கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் உள்ள பட்டறைக்காரருக்கு உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. எந்த டிரெண்ட் காணொளியும் இதைப் பேசாது.

இரண்டாம் படி: வெளியீட்டுக் குறிப்பைப் பின்னாலிருந்து படியுங்கள்

உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுக் குறிப்பு உண்டு. புதிய பதிப்பில் என்ன சேர்ந்தது, என்ன நீங்கியது, எந்தப் பிழை திருத்தப்பட்டது என்று உருவாக்கியவர்களே எழுதும் ஆவணம் அது. புதியவர்கள் அதில் "புதிய வசதிகள்" என்ற பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் "நீக்கப்பட்டவை", பிறகு "விரைவில் நீக்கப்படுபவை", அடுத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள், கடைசியில் புதிய வசதிகள். நீக்கப்பட்ட ஒன்றை உங்கள் நிரல் பயன்படுத்திக்கொண்டிருந்தால், மேம்படுத்திய அன்றே அது நின்றுபோகும். புதிய வசதி உங்களுக்காக ஒரு வருடம் காத்திருக்கும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் திட்டம் என்றால் வெளியீடுகளுக்கு மட்டும் அறிவிப்பு வரும்படி அமைத்துக்கொள்ளலாம். எல்லா விவாதங்களுக்கும் அறிவிப்பு வைத்தால் இரண்டே நாளில் அந்த மின்னஞ்சல்களைத் திறக்காமல் அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒரு குறிப்பைப் படித்து முடித்ததும் அதைத் தமிழில் ஐந்தாறு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். ஆங்கில வழியில் படிக்காத பலருக்கு ஆவணங்களின் மொழி தடையாக இருக்கிறது என்பதை நான் அறிவேன். அந்தத் தடையைக் குறைக்கும் வழிகளில் இதுவே எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் கண்ணை ஓட்டியபோது புரிந்தது போலிருந்த இடங்கள், தமிழில் எழுத உட்காரும்போது புரியவில்லை என்று தெரிந்துவிடும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்குக் கணியம் இணைய இதழ் 2012 முதல் இருக்கிறது. எழுதிப் பழகியவர்கள் அதற்குக் கட்டுரையும் அனுப்பலாம்.

மூன்றாம் படி: செய்தி பிறந்த இடத்துக்குப் போங்கள்

மேசையைத் தாண்டி வெளியே பார்க்கத் தொடங்கும்போதுதான் இரைச்சல் ஆரம்பிக்கிறது. இங்கே பழக வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: ஒரு செய்தி உங்களை அசைத்தால், அது முதன்முதலில் எழுதப்பட்ட ஆவணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

2025 ஜனவரியில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. சீனாவின் டீப்சீக் நிறுவனம் ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை ஜனவரி 20 அன்று வெளியிட்டது. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 27 அன்று, இத்தகைய மாதிரிகளுக்கான சிப்களை விற்கும் என்விடியா நிறுவனத்தின் பங்கு சுமார் 17 சதவீதம் சரிந்தது. அதன் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 60,000 கோடி டாலர் ஒரே நாளில் கரைந்தது. "அறுபது லட்சம் டாலரில் செய்துவிட்டார்கள்" என்ற வரி உலகம் முழுவதும் ஓடியது. மூல ஆய்வுக் குறிப்பைத் திறந்தவர்களுக்கு வேறு படம் தெரிந்தது. 55.76 லட்சம் டாலர் என்ற அந்த எண் 2024 டிசம்பரில் வந்த வி3 என்ற முந்தைய மாதிரிக்கு உரியது. அதன் கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கு ஆன செலவு மட்டுமே அது. அதுவும் ஒரு சிப்பின் ஒரு மணி நேர வாடகை 2 டாலர் என்று வைத்துப் போட்ட கணக்கு. முன்பு செய்த ஆராய்ச்சியும் சோதனைகளும் இதில் சேராது என்று எழுதியவர்களே அந்த ஆவணத்தில் சொல்லியிருந்தார்கள். டீப்சீக்கின் சாதனை சிறியதல்ல. ஆனால் எழுதியவர்களே போட்டிருந்த நிபந்தனை, செய்தி கைமாறிக் கைமாறி வந்ததில் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இத்தகைய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1991 முதல் இயங்கும் அந்தத் தளத்தில் இடம்பெறும் கட்டுரைகள் சக அறிஞர்களின் சரிபார்ப்புக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கணிதம் புரியாது என்று பயப்பட வேண்டாம். சுருக்கத்தைப் படியுங்கள், அட்டவணைகளைப் பாருங்கள், "வரம்புகள்" என்ற பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். தொடக்கத்தில் இவ்வளவு போதும். நடுவில் இருப்பது பிறகு கைவரும்.

ஆண்டுதோறும் வரும் கருத்துக்கணிப்புகளையும் இப்படியே அணுகுங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024-இல் நடத்திய கணிப்பில் 65,000-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். பெரிய எண்தான். என்றாலும் அவர்கள் தாமாக முன்வந்து பதில் எழுதியவர்கள்; பல்லடத்தில் விசைத்தறிக் கணக்குக்கு மென்பொருள் எழுதுகிறவர் அதில் இருந்திருப்பாரா என்று யோசித்துவிட்டுப் படியுங்கள். தாட்ஒர்க்ஸ் என்ற மென்பொருள் ஆலோசனை நிறுவனம் 2010 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் தொழில்நுட்ப ரேடார் எனக்குப் பிடித்தமானது. எதை இப்போதே எடுத்துக்கொள்ளலாம், எதைச் சோதித்துப் பார்க்கலாம், எதைத் தள்ளி நின்று கவனிக்கலாம் என்று வளையங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கோவையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் அது. தன் வாடிக்கையாளர்களிடம் செய்த வேலையிலிருந்து அந்த நிறுவனம் எழுதும் கருத்துதான் ரேடார் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: செயற்கை நுண்ணறிவை உங்கள் சலானில் சோதியுங்கள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது முதல், வாரம் ஒரு மாதிரியாவது "உலகிலேயே சிறந்தது" என்ற அறிவிப்போடு வருகிறது. கூடவே ஒரு மதிப்பெண் அட்டவணையும் வரும். கோனில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பி நூல் வாங்கும் பனியன் கம்பெனிக்காரரைத் திருப்பூரில் பார்க்க முடியாது. நூலின் தடிமனைச் சொல்லும் கவுண்ட் சரிபார்ப்பார், கொஞ்சம் துணி ஓட்டிப் பார்ப்பார், பிறகுதான் லோடு இறங்கும். மதிப்பெண் அட்டவணையை நாம் அந்தச் சீட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கென்று ஒரு சோதனைத் தொகுப்பைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதிய டெலிவரி சலானின் படங்கள் சில; அவற்றில் அடித்தல் திருத்தல் உள்ளவையும் இருக்கட்டும். "நேத்து அனுப்புன ரிப் துணியில ரெண்டு ரோல் ஷேடு மாறிப் போச்சுங்க" என்பது போல வாடிக்கையாளர் அனுப்பும் பேச்சுத்தமிழ்ச் செய்திகள் சில. உங்கள் அலுவலகத்தின் உண்மையான பிழைச் செய்திகள் சில, சரியான விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. பெயர், தொலைபேசி எண், ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றை அழித்துவிட்டுச் சேமியுங்கள். புதிய மாதிரி வந்தால் இதே தொகுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை சரி, எங்கே தவறு, தவறைத் தயக்கமில்லாமல் சரியென்று சொன்னதா என்று குறித்து வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 480 கிலோவை 430 என்று படித்துவிட்டு உறுதியாகச் சொல்லும் மாதிரி, "தெளிவாக இல்லை" என்று சொல்லும் மாதிரியைவிட ஆபத்தானது.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டிய ஒன்று செலவு. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். ஆங்கிலத்துக்கு ஏற்ப வடிவமைத்த வெட்டுமுறையில் தமிழ் வாக்கியம் பொடிப் பொடியாகச் சிதறும். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது, ஒரே தமிழ் வாசகம் முன்பு 116 துண்டுகளாக இருந்தது புதிய முறையில் 35 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. திறமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத இந்த எண், தமிழில் சேவை நடத்த நினைக்கும் நிறுவனத்துக்குப் பல மதிப்பெண் அட்டவணைகளைவிடப் பயன் தரும். அறிவிப்புகளில் இத்தகைய வரிகள் கீழே எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள்.

ஐந்தாம் படி: விபத்து அறிக்கைகளைச் சேர்த்துப் படியுங்கள்

புதியவர் ஒருவர் ஒரே ஒரு வகை எழுத்தைத்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஏதோ ஒரு சேவை விழுந்தபின், ஏன் விழுந்தது, யார் எப்போது கவனித்தார், எப்படி மீட்டார்கள் என்று நிறுவனங்களே எழுதும் அறிக்கைகள். வெற்றிக்கதைகளில் காரணங்களைப் பிறகு ஜோடித்துவிடலாம். விபத்து அறிக்கையில் நிமிடக் கணக்கு இருக்கும்.

கிட்ஹப் போன்ற சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், வேறொரு சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையான தரவுத்தளக் கோப்பகத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. அடுத்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் பாடம்: காப்புப் பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தன, எதுவும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. அவர்கள் இதை மறைக்காமல், மீட்புப் பணியை உலகம் பார்க்க ஒளிபரப்பியபடியே செய்தார்கள். இதைப் படித்த மறுநாள் உங்கள் நிறுவனத்தின் காப்புப் பிரதியை உண்மையில் மீட்டெடுத்துப் பார்த்திருக்கிறோமா என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அறை சற்று அமைதியாகிவிடும்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் சுமார் 85 லட்சம் கணினிகள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் வேரில் இருந்தது இவ்வளவுதான்: ஓரிடத்தில் 21 உள்ளீட்டுப் புலங்கள் என்று வரையறுத்திருந்தார்கள், நிரல் 20 மட்டுமே கொடுத்தது. கல்லூரி ஆய்வகத்தில் வரிசை எல்லையைத் தாண்டிப் படித்து நிரல் விழுந்ததே, அதே வகைப் பிழை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டியதில், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு நுழைத்திருந்த பின்வாசல், அதாவது ரகசிய நுழைவழி, வெளிப்பட்டது. பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச்சேரும் முன்பே தடுக்கப்பட்டது. அவர் எழுதிய முதல் மின்னஞ்சல் இன்றும் பொதுவில் இருக்கிறது. ஒரு சந்தேகத்தை எப்படிப் படிப்படியாக உறுதி செய்வது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எளிதில் கிடைக்காது.

இந்தியாவில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்பின் பாதுகாப்பு அறிவிப்புகளையும் பட்டியலில் சேருங்கள். அதன் 2022 ஏப்ரல் உத்தரவின்படி குறிப்பிட்ட வகைச் சைபர் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தில் அந்த வேலை பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும்.

ஆறாம் படி: ஸ்டார்ட்அப் செய்தியில் எண்களைப் பிரியுங்கள்

"கோவை ஸ்டார்ட்அப்பின் மதிப்பு 20 கோடி" என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனால், ஒருவர் 10 சதவீதப் பங்குக்கு 2 கோடி ரூபாய் கொடுத்திருப்பார். அந்த விகிதத்தில் முழு நிறுவனத்தையும் பெருக்கிப் பார்த்ததுதான் 20 கோடி. யாரும் 20 கோடியை எண்ணிக் கொடுக்கவில்லை. முதலீடு, மதிப்பீடு, வருவாய், லாபம் ஆகிய நான்கும் வெவ்வேறு எண்கள். செய்தியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதே இந்தப் படி முழுவதும். பெரும்பாலும் இல்லாமல் இருப்பது கடைசி இரண்டும்தான். இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பீடு பெற்றது; 2024-இல் திவால் நடைமுறைக்குள் போய்விட்டது. மதிப்பீட்டைச் சொன்ன தலைப்புகளில் அதன் கணக்குத் தணிக்கை தாமதமாகிக்கொண்டிருந்தது இடம்பெறவில்லை.

உண்மையான எண்கள் கிடைக்கும் இடங்கள் இரண்டு உண்டு. பங்குச்சந்தைக்கு வர விரும்பும் நிறுவனம் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம் இலவசம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் "இடர்க் காரணிகள்" என்ற பகுதியை மட்டும் படியுங்கள். வழக்கறிஞர்கள் எழுதவைத்த உண்மைகள் அங்கே இருக்கும். தனியார் நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆண்டுக் கணக்குகளைப் பார்க்கலாம். வேலைக்குச் சேரும் முன் இதைச் செய்வது தவறில்லை. அவர்கள் உங்கள் பழைய சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். நீங்கள் அவர்கள் கணக்கைப் பார்க்கிறீர்கள்.

வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தவர்களையும் படியுங்கள். 2011-இல் தொடங்கப்பட்ட கோவை.கோ, பிஸ்டாக்360, டாக்குமென்ட்360 ஆகிய மென்பொருள்களை விற்று, அந்த வருவாயிலேயே கோவையிலும் லண்டனிலும் வளர்ந்தது. 2025 தொடக்கத்தில் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஏறத்தாழ 14 கோடி ரூபாய் போனஸ் அறிவித்ததற்காகச் செய்தியில் அடிபட்டது. தலைப்பில் தொகை நின்றது. உள்ளே இருந்ததைப் பாருங்கள்: 2022-இல் கொடுத்த வாக்கு அது, மூன்றாண்டுகள் பணியில் நீடிப்பவருக்கு ஆண்டு ஊதியத்தில் பாதி. வேலை தேடுகிறவருக்கு அந்த நிபந்தனைதான் செய்தி.

ஏழாம் படி: அவிநாசி சாலைக்கு அப்பால் எது தொழிலை நகர்த்துகிறது?

பெங்களூருக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு இருக்கிறது. நம் வீட்டில் யாராவது ஒருவர் நூல், சாயம், பம்ப், முட்டை, மஞ்சள், லாரி ஆகியவற்றில் ஏதோ ஒன்றோடு தொழில் செய்கிறார். மென்பொருள் வாங்கப் போவது அவர்தான். எனவே அவர் தொழிலை மாற்றும் விதிகளைப் படிப்பதும் தொழில்நுட்பப் படிப்பே.

ஜி.எஸ்.டி. மின்-விலைப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. திருப்பூரில் நடுத்தர நிறுவனங்களைப் புதிய மென்பொருளுக்கு இழுத்ததில் எந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியையும்விட இந்தப் படி இறக்கத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. அரசாணையைப் படித்துக்கொண்டே வந்தவருக்கு அடுத்த வாடிக்கையாளர் யார் என்பது மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதே போல, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வெளிப் பட்டறைக்கு, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி கைமாறும் ஊரில் எந்த ரோல் எங்கே நிற்கிறது என்று கணக்கு வைப்பது எத்தனை சிக்கல் என்பதை யோசியுங்கள்.

இன்னும் பெரியது ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த நீடித்த பொருள்களுக்கான வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. ஜவுளி அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும் என்பதே இதன் போக்கு. நூற்பாலை முதல் பேக்கிங் வரை தரவு ஒரே இழையாக ஓடாவிட்டால் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பதில் சொல்ல முடியாது. சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட அனுபவம் திருப்பூருக்கு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் விதி தொழிலை எவ்வளவு வேகமாகத் திருப்பிப்போடும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பிய விதியின் மூல ஆவணத்தைப் படித்துத் தரவுப் புலங்களாக மாற்றித் தரும் ஆள்தான் வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் எந்த மென்பொருளுக்கும் அதுவும் பாடத்திட்டத்தில் சேரும்.

எட்டாம் படி: அரங்குகளுக்குப் போகும்போது

2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் கொடிசியா வளாகத்தில் தமிழ்நாடு உலகப் புத்தொழில் மாநாடு நடந்தது. தொடக்க நாளன்றே அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலமும் திறக்கப்பட்டதால் இனி அங்கே போய்ச்சேரும் நேரமாவது குறையும். இத்தகைய மாநாடுகளுக்கு ஒருமுறை போய்வாருங்கள். மேடைப் பேச்சுகளைக் காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். அரங்குகளில் நிற்கிறவர்களிடம் பேசுங்கள். "இதற்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் யாருங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சொந்தமாகத் தொடங்கும் எண்ணம் இருந்தால் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் ஈரோடு வட்டார மையம், கோவையில் பி.எஸ்.ஜி.யின் ஸ்டெப், ஃபோர்ஜ், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியின் தொழில் காப்பகம் ஆகியவை இருக்கின்றன. தான்சீட் போன்ற நிதி உதவித் திட்டங்களின் நிபந்தனைகள் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை. யாரோ பகிர்ந்த படத்தை நம்பாமல் அதிகாரப்பூர்வ அறிவிப்பிலேயே படியுங்கள்.

என்னைக் கேட்டால், ஸ்டார்ட்அப் மாநாட்டைவிட அதே கொடிசியாவில் நடக்கும் இன்டெக் இயந்திரக் கண்காட்சியும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சியும் மென்பொருள்காரருக்கு அதிகம் கற்றுத்தரும். அங்கே ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு திரை முளைத்திருக்கிறது. அந்தத் திரையில் ஓடுவதை எழுதியவர் யார், அதிலிருந்து தரவை வெளியே எடுக்க முடியுமா என்று விற்பவரைக் கேட்டுப்பாருங்கள்.

ஒன்பதாம் படி: வாரக் கணக்கு

தினமும் படிக்க வேண்டாம். வேலைநாளில் ஒரு மாலை வெளியீட்டுக் குறிப்புகளுக்கும் பாதுகாப்பு அறிவிப்புகளுக்கும். ஞாயிறு காலை ஒரு நீண்ட ஆவணத்துக்கு, அதாவது ஒரு விபத்து அறிக்கையோ ஒரு அரசு விதியோ ஒரு ஆய்வுக் கட்டுரையோ. மூலங்களை ஆர்.எஸ்.எஸ். வாசிப்பான் ஒன்றில், அதாவது நீங்கள் தேர்ந்த தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் செயலியில், சேர்த்துக்கொண்டால் எதைக் காட்டுவது என்று வேறு யாரும் தீர்மானிக்க மாட்டார்கள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: என்ன சொல்கிறது, யார் சொல்கிறார், எங்கள் பட்டியலில் எதைத் தொடுகிறது. மூன்றாவது வரி எழுத முடியாதவற்றை அடுத்த வாரம் தொடர வேண்டாம். செயற்கை நுண்ணறிவிடம் சுருக்கம் கேட்கலாம். எண்களையும் தேதிகளையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு நோட்டில் ஏற்றுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் படியில் எழுதிய தாளைத் திருத்துங்கள். வேலை மாறியிருந்தால் புதிதாக எழுதுங்கள். மூன்று மாதமாகத் திறக்காத மூலங்களை நீக்கிவிடுங்கள். புத்தாண்டு உற்சாகத்தில் பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பு எதுவும் இருந்தால் அதன் தானியங்கிப் புதுப்பிப்பை வங்கிச் செயலியிலேயே நிறுத்துங்கள். வகுப்பை நீங்கள் மறந்தாலும் அது மாதாமாதம் உங்கள் கணக்கை மறக்காது.